எறிந்தவன் மேல் தப்பில்லை! (ரேடியோ விமானம் பறக்க விடுவது எப்படி?)



ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊருக்கு மேற்கே கடலைக்காட்டுப் பக்கம் ஒரு வெள்ளை விமானம் ‘ஙொய்ங்’ என்று சுற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். “அது ட்ரோனா? உள்ள கேமரா இருக்கா? என்ன விலை?” என்று பிரேயர் முடிந்ததும் நிறையப் பேர் கேட்டீர்கள். ஒவ்வொருத்தருக்கும் பதில் சொல்லி மாளவில்லை. அதனால் சுவர் இதழில் மொத்தமாக எழுதுகிறேன். இன்னொரு காரணமும் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

அது ட்ரோன் இல்லை, கேமராவும் இல்லை. அது ரேடியோவில் இயங்கும் மாடல் விமானம். ட்ரோனுக்கு நாலு விசிறி. ஸ்டிக்கை விட்டுவிட்டாலும் உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர் அதை நிலையாக நிறுத்தும். எங்கள் விமானத்தில் அப்படி எதுவும் கிடையாது. அது நிஜ விமானம் மாதிரி இறக்கையால்தான் பறக்கிறது. நாம் ஒழுங்காகச் செய்திருந்தால் பறக்கும், இல்லாவிட்டால் விழும்.

என்னென்ன இருக்கிறது?

உடம்பும் இறக்கையும் ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் ஃபோம் போர்டு. இறக்கையின் நீளம் 120 செ.மீ., அகலம் 20 செ.மீ. மொத்த எடை 800 கிராம். முன்னால் ஒரு மோட்டார், அதில் விசிறி. வாலில் இரண்டு அசையும் தகடுகள். படுத்திருப்பது எலிவேட்டர், அது மூக்கை மேலே கீழே ஆக்கும். நின்றிருப்பது ரட்டர், அது இடது வலது திருப்பும். இரண்டையும் இழுத்துத் தள்ள இரண்டு குட்டி சர்வோ மோட்டார்கள். சர்வோவுக்கும் தகடுக்கும் நடுவே கம்பி வேண்டுமே? பழைய சைக்கிள் ஸ்போக்ஸ்தான்!

கையில் இருக்கும் டிரான்ஸ்மிட்டர் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் பேசும். விமானத்தில் இருக்கும் ரிசீவர் அதைக் கேட்டு சர்வோவை அசைக்கும். முன்காலத்தில் ஒரே அலைவரிசையில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஓட்டினால் இரண்டு விமானமும் குழம்பி விழுமாம். இப்போது ஒவ்வொரு ரிசீவரும் தன் ஜோடி டிரான்ஸ்மிட்டர் பேச்சை மட்டும்தான் கேட்கும்.

டிரான்ஸ்மிட்டர், கோவையில் படிக்கும் என் பெரியப்பா மகன் அண்ணன் கொடுத்த பழையது. மற்ற செலவு:

மோட்டாரும் அதன் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியும் – ரூ.900
சர்வோ இரண்டு – ரூ.250
பேட்டரி – ரூ.1,600
விசிறி மூன்று – ரூ.200
ஃபோம் போர்டு – ரூ.300
பசை, டேப், மூங்கில் குச்சி – ரூ.150
ஆக மொத்தம் – ரூ.3,400

ஐந்து பேர் பங்கு போட்டோம். ஆளுக்கு 680 ரூபாய். சிலர் சந்தையில் மளிகை மூட்டை தூக்கினோம், சிலர் கடலைக்காய் ஆய்ந்தோம். விடுமுறை முழுக்க அதுதான் வேலை.

நாலு விநாடி விமானம்

இரண்டு மாதம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து செய்தோம். முதல் நாள் டிரான்ஸ்மிட்டர் என் கையில். விமானத்தைக் கையால் எறிந்து விடுவது என் தோழன் வேலை (பேர் போடாதே என்று சொல்லிவிட்டான்). பார்க்க ஒரு இருபது பேர் கூடிவிட்டார்கள்.

“ஒண்ணு, ரெண்டு, மூணு” என்றேன். எறிந்தான். விமானம் மூக்கைத் தூக்கி நேராக வானத்தைப் பார்த்து நின்றது. நான் ஸ்டிக்கை முன்னால் தள்ளினேன், ஒன்றும் கேட்கவில்லை. அப்படியே மல்லாந்து, பக்கத்துக் குச்சிக்கிழங்குக் காட்டில் போய்த் தலைகுப்புறக் குத்தியது. மொத்தம் நாலு விநாடி இருக்கும். மூக்கு நொறுங்கி, விசிறி இரண்டாக உடைந்து, இறக்கை நடுவில் மடங்கிவிட்டது.

எனக்கு வந்த கோபத்தில், “உன்ன யாருடா மேல பாத்து எறியச் சொன்னது? நேரா எறியத் தெரியாதா?” என்று எல்லோர் முன்னாலும் கத்தினேன். அவன் பதில் பேசவில்லை. ஸ்போக்ஸ் கம்பியைப் பொறுக்கி என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். அதற்கப்புறம் இரண்டு வாரம் எங்கள் பக்கமே வரவில்லை.

இரண்டு விரல் சோதனை

லீவுக்கு வந்த அண்ணன் விமானத்தை ஒட்டச் சொன்னார். ஒட்டினோம். பேட்டரியைப் பழைய இடத்திலேயே வைத்தேன். அண்ணன் இறக்கையின் முன் விளிம்பிலிருந்து ஐந்தரை செ.மீ. அளந்து, இரண்டு பக்கமும் பேனாவால் புள்ளி வைத்தார். அந்தப் புள்ளிகளில் இரண்டு ஆள்காட்டி விரலையும் கொடுத்து விமானத்தைத் தூக்கினார். வால் பொத்தென்று கீழே சாய்ந்தது.

“பேட்டரிய இங்க வெச்சது யாருடா?”

நான்தான். மூக்குப் பக்கம் வைத்தால் மூடி சரியாக மூடவில்லை என்று, 12 செ.மீ. பின்னால் தள்ளி வைத்திருந்தேன். அங்கே அழகாக மூடியது.

இது நம் இயற்பியல் பாடத்தில் வரும் ஈர்ப்பு மையம்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள். பேட்டரி எடை 180 கிராம். அதை 12 செ.மீ. நகர்த்தினால் 180 × 12 = 2,160. மொத்த எடை 800-ஆல் வகுத்தால் 2.7. அதாவது விமானத்தின் ஈர்ப்பு மையம் 2.7 செ.மீ. பின்னால் போய்விட்டது. இரண்டு விரல் அகலம்கூட இல்லை. அதுதான் எங்கள் இரண்டு மாத உழைப்பைக் குச்சிக்கிழங்குக் காட்டில் போட்டது.

ஏன் அப்படி? வல்வில் ஓரி ஆண்ட மலையடிவாரத்துப் பிள்ளைகளுக்கு அம்பைப் பற்றிச் சொல்லவா வேண்டும்! அம்புக்கு முனை கனம், பின்னால் இறகு. அதனால்தான் அது நேராகப் போகிறது. அதையே திருப்பிப் போட்டு எய்தால் குட்டிக்கரணம் அடிக்கும். விமானமும் அப்படித்தான். கனம் முன்னால் இருந்தால், காற்று மூக்கைக் கொஞ்சம் தூக்கினாலும் வால் அதைத் திரும்பக் கீழே கொண்டுவரும். கனம் பின்னால் போய்விட்டால், தூக்கின மூக்கு தூக்கிக்கொண்டே போகும். ஸ்டிக்கால் பிடிப்பதற்குள் கதை முடிந்துவிடும். எங்களுடையது போன்ற பழகுநர் விமானத்துக்கு, இறக்கை அகலத்தில் கால் பாகத்துக்கும் மூன்றில் ஒரு பாகத்துக்கும் நடுவில் ஈர்ப்பு மையம் இருக்க வேண்டும். 20 செ.மீ. இறக்கைக்கு ஐந்திலிருந்து ஆறரை செ.மீ. வரை.

மூக்கு கனத்த விமானம் மோசமாகப் பறக்கும், வால் கனத்த விமானம் ஒரே ஒரு தடவைதான் பறக்கும் என்று மாடல் விமானக்காரர்கள் சொல்வார்களாம். நாங்கள் அந்த ஒரு தடவையைப் பறக்க விட்டுப் பார்த்துவிட்டோம்.

தரையில் பார்க்க வேண்டியவை

இப்போது நாங்கள் ஒவ்வொரு தடவையும் பார்ப்பது:

1. இரண்டு விரல் சோதனை. மூக்கு லேசாகக் கீழே சாய்ந்தால் நல்லது.
2. மூக்கையும் வாலையும் பிடித்துத் தூக்கினால் இரண்டு இறக்கையும் சமமாக நிற்க வேண்டும். ஒரு பக்கம் கனத்தால் மறுபக்க நுனியில் ஒரு சின்ன ஆணி.
3. பின்னால் நின்று பார்த்தால் இறக்கையில் முறுக்கு தெரியக் கூடாது. முறுக்கிய இறக்கையை எந்த ஸ்டிக்காலும் சரிக்கட்ட முடியாது.
4. ஸ்டிக்கை வலது தள்ளினால் ரட்டர் வலது போகிறதா? பின்னால் இழுத்தால் எலிவேட்டர் மேலே வருகிறதா? தலைகீழாக இருந்தால் விமானம் விழுவது உறுதி.
5. முதலில் டிரான்ஸ்மிட்டரை ஆன் செய்து, பிறகு பேட்டரியை மாட்ட வேண்டும். கழற்றும்போது பேட்டரி முதலில்.
6. ஒருத்தர் விமானத்தைப் பிடித்துக்கொள்ள, ஓட்டுகிறவர் தூரமாக நடந்து போய் ஸ்டிக்கை அசைத்துப் பார்க்க வேண்டும். தகடுகள் நடுங்காமல் அசைய வேண்டும்.

மோட்டார் இல்லாமல் ஒரு எறி

அடுத்தது, மோட்டாரை நிறுத்திவிட்டுப் புல் மேல் எறிந்து பார்ப்பது. காற்று வரும் திசையைப் பார்த்து, தோள் உயரத்தில், நேராக எறிய வேண்டும். மேலே பார்த்து எறியவே கூடாது. வழுக்கிக்கொண்டு போவது போல இறங்கினால் சரி. பொத்தென்று மூக்கில் விழுந்தால் எலிவேட்டரை ஒரு துளி மேலே வைக்கணும். ஏறி நின்று, தொப்பென்று விழுந்து, மறுபடி ஏறினால் வால் கனம், பேட்டரியை முன்னால் தள்ளணும்.

பட்டம் விடும்போது சூத்திரத்தை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டுவோமே, அதே வேலைதான் இது. யாரும் முதல் முடிச்சிலேயே சரியாகக் கட்டுவதில்லை.

மேலே போன பிறகு: ட்ரிம்

டிரான்ஸ்மிட்டரில் ஸ்டிக்குக்குப் பக்கத்தில் குட்டிப் பொத்தான்கள் இருக்கும். அதுதான் ட்ரிம். ஸ்டிக்கைத் தொடாமலே தகட்டை மயிரிழை மயிரிழையாக நகர்த்தும். விமானம் மூன்று தென்னைமர உயரம் போனதும் விசையைப் பாதியாகக் குறைத்து, ஸ்டிக்கை விட்டுவிட்டு மூன்று விநாடி பார்க்க வேண்டும். இடது போனால் வலது பக்கம் ஒரு ‘டிக்’. மூக்கு இறங்கினால் மேலே ஒரு ‘டிக்’. நீங்கள் தொடாமலே நேராகப் போகும் வரை இப்படியே.

எங்களிடம் 40 பக்க நோட்டு ஒன்று இருக்கிறது. அதில் இருப்பதை அப்படியே தருகிறேன்:

பறப்பு 1: பாதி விசையில் இடது இழுக்கிறது. வலது 4 டிக். நேராகப் போனது.
பறப்பு 2: முழு விசை கொடுத்தால் மூக்கு தூக்குகிறது. மோட்டார் மேல் திருகுகளுக்குப் பின்னால் ஒரு வாஷர்.
பறப்பு 3: மூக்கு தூக்கல் போச்சு. முழு விசையில் மட்டும் இடது இழுப்பு. இடப்பக்கத் திருகுக்குப் பின்னால் வாஷர்.
பறப்பு 4: முழு விசை, பாதி விசை இரண்டிலும் நேர்.

வாஷர் எதற்கு என்றால், அது மோட்டாரைக் கொஞ்சம் கீழ்நோக்கியும் கொஞ்சம் வலப்பக்கமும் பார்க்க வைக்கிறது. விசிறி ஒரு பக்கம் சுற்றும்போது விமானம் மறுபக்கம் சாயப் பார்க்கும். அதைச் சரிக்கட்டத்தான் இந்தச் சாய்வு. விசையைக் கூட்டும்போது மட்டும் வருகிற கோளாறை ட்ரிம்மால் சரிசெய்தால், விசையைக் குறைத்ததும் வேறு கோளாறு வரும். எந்த நோய் எங்கே இருக்கிறதோ அங்கேதான் மருந்து!

அண்ணன் சொன்ன முக்கியமான விதி: ஒரு தடவைக்கு ஒரு மாற்றம்தான். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது சரி செய்தது, எது கெடுத்தது என்று தெரியாது. அறிவியல் ஆய்வகத்தில் ஐயா சொல்லும் அதே விதி!

பேட்டரி சரியான இடத்தில் இருக்கிறதா என்று வானத்திலும் பார்க்கலாம். நல்ல உயரத்தில் விசையைக் குறைத்து, மூக்கைக் கீழே சாய்த்து, ஸ்டிக்கை விடுங்கள். மெதுவாகத் தானே நிமிர்ந்தால் சரி. வெடுக்கென்று நிமிர்ந்தால் மூக்கு கனம். இன்னும் செங்குத்தாகப் பாய்ந்தால் வால் கனம், உடனே இழுத்துப் பிடித்து இறக்குங்கள்.

ட்ரிம் எல்லாம் முடிந்து இறக்கியதும், தகடு எங்கே நிற்கிறது என்று பார்த்து, கம்பியின் நீளத்தை மாற்றி அதே இடத்தில் நிறுத்திவிட்டு, பொத்தானை நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். அடுத்த கோளாறுக்கு இடம் வேண்டுமே!

எதிரே வந்தால் எல்லாம் தலைகீழ்

விமானம் நம்மை விட்டுப் போகும்போது அதன் வலது நமக்கு வலது. நம்மைப் பார்த்து வரும்போது அதன் வலது நமக்கு இடது. புதுசாக ஓட்டுகிறவர்கள் இதில்தான் தடுமாறி விடுவார்கள். நானும் ஒரு வேப்பமரத்தில் மாட்டினேன்.

இதற்கு ஒரு சுலப வழி: எதிரே வரும்போது எந்த இறக்கை தாழ்ந்திருக்கிறதோ, அந்தப் பக்கம் ஸ்டிக்கைத் தள்ளுங்கள். சாய்கிற வாழைக்கு முட்டுக் கொடுக்கிற மாதிரி என்று நினைத்துக்கொள்ளுங்கள். இடது வலது யோசிக்கவே வேண்டாம்.

நம்ம ஊர்க் காற்று

நமக்குக் கிழக்கே கொல்லிமலை. காலையில் மலைக்கு முதுகைக் காட்டி நின்றால் சூரியன் கண்ணில் அடிக்காது, வானம் சுத்தமாகத் தெரியும். ஏழு, எட்டு மணிக்குக் காற்றும் குறைவு. மத்தியானம் பாறையும் தரையும் சூடாகி, காற்று அங்கங்கே மேலே கிளம்பும். 800 கிராம் விமானத்தை அது பந்து மாதிரி தூக்கிப் போடும்.

ஆடிக் காற்று மேற்கிலிருந்து வந்து மலையில் முட்டி மேலே ஏறும். மலை ஓரத்தில் பருந்து இறக்கையே அடிக்காமல் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். மோட்டார் இல்லாத மாடல் விமானங்களை இப்படிப்பட்ட காற்றில் மணிக்கணக்கில் பறக்க விடுகிறவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள். மார்கழி, தை மாதத்தில் காற்று மலையைத் தாண்டி நம் பக்கம் இறங்கும்போது குழம்பி வரும். அந்த மாதிரி நாளில் நாங்கள் பெட்டியைத் திறப்பதே இல்லை.

இறக்குவதும் காற்றை எதிர்த்துத்தான். விசையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, தரைக்கு முழங்கால் உயரம் வந்ததும் மோட்டாரை நிறுத்தி, மூக்கை லேசாகத் தூக்கிப் பிடித்தால் கடலைக்காட்டில் வழுக்கி நிற்கும். பயத்தில் உயரத்திலேயே மூக்கைத் தூக்கினால் வேகம் செத்து, கல் மாதிரி விழும். பதறாத காரியம் சிதறாது!

கட்டாயம் படிக்கவும்!

★ சுற்றும் விசிறி விரலை வெட்டும். பேட்டரி மாட்டியதும் விசிறிக்கு முன்னால் யாரும் நிற்கக் கூடாது.
★ லித்தியம் பாலிமர் பேட்டரி உப்பினாலோ குத்துப்பட்டாலோ தீப்பிடிக்கும். சார்ஜ் போட்டுவிட்டு நகரக் கூடாது. பக்கத்தில் ஒரு வாளி மணல் வையுங்கள்.
★ ஆறு நிமிடத்துக்கு மேல் பறக்க விடுவதில்லை. பேட்டரி முழுக்கத் தீர்ந்தால் கெட்டுவிடும்.
★ மனிதர், ஆடு மாடு, ரோடு, கரண்ட் கம்பி இவற்றுக்கு மேலே பறக்க விடவே கூடாது.
★ 2021-ல் மத்திய அரசு ட்ரோன் விதிகளைக் கொண்டுவந்தது. மாடல் விமானத்துக்கும் அதில் விதி உண்டு. எங்கே பறக்கலாம், கூடாது என்பதை டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு நிறங்களில் காட்டுகிறார்கள். பெரியவர்களோடு உட்கார்ந்து அதையும் பதிவு விதிகளையும் பார்த்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

உங்களுக்குத் தெரியுமா?

● 1937-லேயே அமெரிக்காவில் வால்டர் குட், வில்லியம் குட் என்ற சகோதரர்கள் ரேடியோவால் மாடல் விமானம் ஓட்டினார்கள். ‘கஃப்’ என்ற அவர்கள் விமானம் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

● 2003 ஆகஸ்டில் மேனார்ட் ஹில் என்பவரின் ‘டாம்-5’ என்ற பால்சா மர விமானம் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்திலிருந்து அட்லாண்டிக் கடலைத் தாண்டி அயர்லாந்து போய் இறங்கியது. 3,000 கி.மீ.க்கு மேல், 38 மணி 52 நிமிடம்! எரிபொருளோடு எடை 5 கிலோவுக்குள். அப்போது அவருக்கு வயது 77, கண்பார்வை பெரும்பாலும் போயிருந்தது. அதற்கு முன் அனுப்பியவை கரை சேரவில்லை.

● நம் அப்துல் கலாம் ஐயா விமானப் பொறியியல் படித்த இடம் சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி. அதே கல்லூரியின் ‘தக்‌ஷா’ குழு, 2018-ல் ஆஸ்திரேலியாவில் நடந்த ஆளில்லா விமானப் போட்டியில் இரண்டாம் இடம் பெற்றது. தூரத்து நோயாளிக்கு உதவ வேண்டும் என்பது போட்டி. அந்தக் குழுவுக்கு அப்போது ஆலோசகராக இருந்தவர், மாடல் விமானப் பிரியரான நடிகர் அஜித்குமார்!

● என்.சி.சி. விமானப் பிரிவில் மாடல் விமானம் செய்வது ஒரு பயிற்சி. அகில இந்திய வாயு சைனிக் முகாமில் அதற்குப் போட்டியே உண்டு.

கடைசியாக ஒரு வார்த்தை

அண்ணன் வால் கனத்தைக் காட்டிய அன்று சாயங்காலம் தோழன் வீட்டுக்குப் போனேன். பேட்டரியை நான்தான் மாற்றி வைத்தேன் என்று சொன்னேன். அவன் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

“அன்னிக்கே தெரியும்டா. கையில தூக்கினப்பவே வால் கீழ இழுத்துச்சு. சொல்ல வந்தேன். நீ அதுக்குள்ள ஒண்ணு ரெண்டு எண்ண ஆரம்பிச்சிட்ட.”

விமானத்தைக் கையில் பிடித்திருந்தவன் அவன். என்ன கோளாறு என்று அவன் கைக்குத் தெரிந்திருக்கிறது. நான் கேட்கவில்லை.

அதனால் எங்கள் பட்டியலில் ஏழாவதாக ஒன்று சேர்த்திருக்கிறோம். இப்போது எண்ணுவது நான் இல்லை. எறிகிறவன் விமானத்தைக் கையில் தூக்கிப் பார்த்து, “சரி” என்று சொன்னால்தான் மோட்டாரை ஓட்டுவேன். அவன் “வேண்டாம்” என்றால் அன்றைக்குப் பறப்பு இல்லை. இதுவரை இரண்டு தடவை “வேண்டாம்” என்றிருக்கிறான். இரண்டு தடவையும் பிரித்துப் பார்த்தோம். ஒரு தடவை எலிவேட்டர் கீல் பிய்ந்திருந்தது. இன்னொரு தடவை ஒன்றும் இல்லை. பரவாயில்லை.

அன்றைக்கு இருபது பேர் முன்னால் அவனைத் திட்டினேன். மன்னிப்பை மட்டும் அவன் வீட்டுத் திண்ணையில் தனியாகக் கேட்டால் கணக்கு நேராகாது. பள்ளியே படிக்கும் இந்தச் சுவரில் எழுதுகிறேன்: அன்று தப்பு எறிந்தவன் மேல் இல்லை. என் மேல்தான். மன்னிச்சிரு டா.

வருகிற ஞாயிறு காலை ஏழு மணிக்குக் கடலைக்காட்டுக்கு வாருங்கள். ஓட்டிப் பார்க்க ஆசை இருந்தால் வீட்டில் சொல்லிவிட்டு வாருங்கள். முதலில் எறியக் கற்றுக்கொடுப்போம், அப்புறம்தான் ஸ்டிக்!



– பதினோராம் வகுப்பு மாணவன்